சம்பந்தியம்மாளைப் பார்த்து நான் கண்ணடிக்கவில்லை

மரக்காணம்,
ஐப்பசி 28, வெள்ளிக்கிழமை.

பெருமதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி, பெருமுக்கல் திரு. தட்சணாமூர்த்தி அவர்கள் சமூகத்துக்கு மரக்காணம் உப்பளத்து மேஸ்திரி மாயவன் இரு கையும் கூப்பி எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் வீட்டுக்காரி செல்லம்மாளும் மகள் வினோதினியும் உயிரோடு இருக்கிறோம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாள் அம்சவள்ளி அவர்களும் மாப்பிள்ளை மணிவண்ணனும் தங்கள் தம்பி பக்கிரி அவர்களும் கறவை மாடுகளும் சுகமாக இருக்க உங்கள் ஊர் மலைமேல் இருக்கிற சாமியை இங்கிருந்தே கும்பிட்டுக்கொள்கிறேன். மேலே 'சம்பந்தி' என்ற சொல்லை மட்டும் பென்சிலில் எழுதியிருப்பதைப் பார்த்துத் தப்பாக நினைக்க வேண்டாம். "அவங்க என்ன முடிவுல இருக்காங்களோ, பேனாவுல எழுதிட்டு அப்புறம் அடிச்சா நல்லாவா இருக்கும்?" என்று செல்லம்மாள் சொன்னாள், அதனால்தான்.

எட்டு நாளாக உங்கள் போனுக்கு அடித்துப் பார்க்கிறேன். மணி போகிறது, எடுப்பார் இல்லை. வாட்ஸ்அப்பில் வணக்கம் போட்டேன், நீலக் கோடு ரெண்டும் விழுந்தது, பதில் விழவில்லை. ஆகவேதான் கடிதம். கொஞ்ச நாளைக்கு எழுத்து வேலை படிப்பு வேலை எதுவும் வேண்டாம் என்று கண் டாக்டரம்மா சொல்லியிருக்கிறார், அதையும் மீறித்தான் எழுதுகிறேன். காகிதத்தில் அங்கங்கே மை பரவியிருந்தால் அது அழுகை இல்லை, ஆபரேஷன். ரெண்டு இடத்தில் மட்டும் அழுகையும் உண்டு.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நிச்சயதார்த்தத்து அன்றைக்கு நான் சம்பந்தியம்மாளைப் பார்த்துக் கண்ணடிக்கவில்லை. என் கண் தானாக அடித்துக்கொண்டது. இந்த ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதை நீங்கள் புரிந்துகொள்ளாமல், போட்ட இலையில் கை வைக்காமல் எழுந்து போய்விட்டீர்கள். ஒரு பெண்ணைப் பெற்றவன் வாசலில் நின்றுகொண்டு, சம்பந்தி வீட்டார் பசியோடு வேன் ஏறுவதைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டிலும் யாரும் சாப்பிடவில்லை.

நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன். ஒரு சொல் பொய் இருந்தால் என் ரெண்டு கண்ணும் அவிந்து போகட்டும்.

முப்பத்தைந்து வருஷமாக நான் உப்பளத்தில் நிற்கிறவன். மாசி பிறந்தால் பாத்தியெல்லாம் வெள்ளையாகிவிடும். மேலே ஒரு சூரியன், கீழே பாத்திக்குப் பாத்தி ஒரு சூரியன். அங்கே ரெண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்க்க முடியாது. கொஞ்ச நேரம் வலது கண்ணை மூடுவோம், அது ஓய்ந்ததும் இடது கண்ணை மூடுவோம். உப்பு வாருகிற ஆண் பெண் அத்தனை பேரும் இப்படித்தான். எங்கள் அளத்தில் பகல் பன்னிரண்டு மணிக்கு வந்து பார்த்தீர்கள் என்றால் நூறு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே உப்பு வாரிக்கொண்டிருப்பார்கள். இதுவரைக்கும் ஒரு பஞ்சாயத்து வந்ததில்லை. இப்படி வெயிலும் உப்புக் காற்றும் பட்டுப் பட்டு என் வலது கண்ணில் மூக்குப் பக்கமாக ஒரு சதை வளர்ந்தது. முக்கோணமாக, செக்கச்செவேல் என்று, கருவிழியைப் பார்த்து நகர்ந்து வந்தது. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இது உண்டு. அதனால் அதை வியாதியாக யாரும் நினைக்கவில்லை, உடம்பில் ஒரு உறுப்பு என்றே வைத்திருந்தோம்.

வினை எங்கே ஆரம்பித்தது என்றால், ஆவணியில் நீங்கள் பெண் பார்க்க வந்தீர்களே, அங்கே. உங்கள் தம்பி பக்கிரி கை கழுவப் போன இடத்தில் வேன் டிரைவரிடம், "ஏம்பா, பொண்ணுக்கு அப்பா தண்ணி பார்ட்டியா? காலங்காத்தாலயே கண்ணு செவசெவன்னு இருக்குதே" என்று கேட்டது என் காதிலேயே விழுந்தது. சம்பந்தி, நான் பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு தொட்டதில்லை. எங்கள் கோயில் திருவிழாவில் பானகம் குடித்தாலே எனக்குத் தலை சுற்றும். ஆனால் கண் சிவப்பாக இருக்கிறவன் நான் குடிக்க மாட்டேன் என்று சொன்னால், குடித்துவிட்டுச் சொல்கிறான் என்றுதானே உலகம் நினைக்கும்? ஒரே மகள். அவள் கல்யாணத்தில் குடிகாரன் மகள் என்று ஒரு பேச்சு வரக் கூடாது. நிச்சயதார்த்தத்துக்குள் கண்ணை வெள்ளையாக்கிவிடுவது என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்ததும், அளத்தில் வேலை நின்றதும், புதுச்சேரி பக்கத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பதினொன்றாம் தேதி ஆபரேஷன். டாக்டரம்மா பேர் சங்கீதா, சின்ன வயசு, தங்கமான பேச்சு. "ஐயா, இந்தச் சதையை எடுத்துட்டு, உங்க மேல் இமைக்கு உள்ள இருந்து மெல்லிசா ஒரு தோல் எடுத்து அந்த இடத்துல ஒட்டுப் போட்டுடுவோம். இல்லன்னா மறுபடியும் வளரும்" என்றார். "எதால ஒட்டுவீங்கம்மா, தையலா?" என்றேன். "தையல் வேணாம். உங்க ரத்தமே பசை" என்றார். சம்பந்தி, அம்பத்தெட்டு வயசில் என் ரத்தம் பசை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"எத்தினி நாள்ல சரியாவும்?" என்று கேட்டேன். "ஒரு வாரத்துல நடமாடலாம், ஆனா சிவப்பு முழுசாப் போக ரெண்டு மாசம் கூட ஆகும்" என்றார். இதில் 'ஆனா' வரைக்கும்தான் நான் காதில் வாங்கினேன். குற்றம் என்னுடையது.

நான் குடித்துவிட்டு வரவில்லை, கண்ணில் கத்தி வைத்துக்கொண்டு வந்தேன் என்பதற்கு ஆதாரமாக உள்ளே நடந்ததையும் எழுதிவிடுகிறேன். நிச்சயதார்த்தத்தில் உங்களிடம் அவசரத்தில் பாதிதான் சொன்னேன், மீதியை இதில் காண்க. முதலில் கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி. எவ்வளவு நீளம் என்றால், கோணி தைக்கிற ஊசியைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அதற்கு அக்கா. நான் போட்ட சத்தத்தில் வெளியே புரை ஆபரேஷனுக்கு வரிசையில் உட்கார்ந்திருந்த மூன்று பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டதாகச் செல்லம்மாள் சொன்னாள். பிறகு இமையை மூட முடியாதபடிக்கு ஒரு கம்பி கிளிப்பை மாட்டினார்கள். கண்ணை மூடிக்கொள்ளலாம் என்ற ஒரே தைரியமும் அதோடு போயிற்று. மேலே பெரிய விளக்கு. அப்புறம் சுரண்டினார்கள். நம் வீட்டில் தேங்காய் துருவும்போது ஓடு தட்டுப்பட்டால் ஒரு சத்தம் வருமே, அது என் மண்டைக்குள் கேட்டது. அதற்கு நடுவில் நர்ஸம்மா, "மேடம், மத்தியானத்துக்கு லெமன் சாதமா தயிர் சாதமா?" என்று கேட்கிறார். டாக்டரம்மா, "இருங்க, இது நகருது" என்கிறார். எது நகருகிறது என்று எனக்குச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஒட்டிக்கிச்சா?" "இன்னும் இல்ல மேடம்." "இப்போ?" "ஓரத்துல தூக்குது மேடம்." பத்து நிமிஷம் அந்த ஒட்டின் மேல் அசையாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பாத்தியில் உப்பு பூக்கிற வரைக்கும் காலை வைக்காமல் காத்திருப்போமே, அந்த மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். எங்கள் குலதெய்வத்துக்கு ரெண்டு கிடா வேண்டிக்கொண்டேன், ஒட்டிக்கொண்டது என்று சொன்னதும் ஒன்றாகக் குறைத்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் டாக்டரம்மா, "உப்புக் காத்து ஆகாது. கொஞ்ச நாளைக்கு உப்பு பக்கமே போகாதீங்க" என்றார். அளத்துப் பக்கம் போகாதே என்று அதற்குப் பொருள். ஆனால் கதவருகில் நின்ற செல்லம்மாள் காதில் பின்பாதி மட்டும்தான் விழுந்திருக்கிறது. வீட்டுக்கு வந்ததிலிருந்து உப்பில்லாத கஞ்சி, உப்பில்லாத குழம்பு, உப்பில்லாத ரசம். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொல்வார்கள், அந்தக் குப்பையை ஒன்பது நாள் நான் தின்றேன். வீட்டுப் பின்கட்டில் பதினாறு மூட்டை உப்பு அடுக்கியிருக்கிறது! "ஒரு கல்லு போடுடி" என்று கெஞ்சினேன். "டாக்டரம்மா உப்பு பக்கமே போகக் கூடாதுன்னு சொன்னாங்க, கண்ணா முக்கியம் நாக்கா முக்கியம்?" என்று கேட்டுவிட்டு, கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஒன்பதாவது நாள் நான் நடந்தால் தரை கப்பல் மாதிரி ஆடியது. இதையும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிக்கவும்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியின் மேல் செல்லம்மாள் உட்கார்ந்துவிட்டாள். நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் கூனிமேட்டுக்கு ஓடி பாய் கடையில் கேட்டால், மழைக் காலத்தில் கறுப்புக் கண்ணாடி யார் வாங்குகிறார்கள் என்று சொல்லி, இருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார். தங்கக் கலர் பிரேம், பார்க்கிறவர் முகம் அதிலேயே தெரிகிற பாதரசக் கண்ணாடி. மாட்டிப் பார்த்த பாய், "மாஷா அல்லா, மாப்பிள்ளை யாருன்னு ஜனங்க குழம்பப் போறாங்க" என்றார். பஸ்ஸில் ஏறினால், மெட்ராஸ் ஐ என்று நினைத்து என்னைச் சுற்றி நாலு சீட்டு காலியாகிவிட்டது. ஒரு அம்மா குழந்தையின் கண்ணைப் பொத்தி, "பாக்காதடா, பார்த்தா ஒட்டிக்கும்" என்றார். ஒட்டு என்ற சொல்லைக் கேட்டதும் நான் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் அழுத்தி மாட்டிக்கொண்டேன்.

இனி இருபதாம் தேதி நடந்தது. நீங்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்தீர்கள். நான் அந்தக் கண்ணாடியோடு ஆடி ஆடி வந்து வரவேற்றேன். உப்பில்லாத ஆட்டம் அது. பக்கிரி அவர்கள் பக்கத்தில் இருந்தவரிடம், "கண்ணாடியைப் பாரேன், எத மறைக்கறாராம்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு பாடும் பட்டது யாருக்காக? கழற்றினேன். உள்ளே கண் வெள்ளையாக இருக்கும் என்று நினைத்துத்தான் கழற்றினேன். காலையில் நிலைக்கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்காமல் விட்டது என் புத்தி. ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு ஓரம் சிவப்பு, இப்போது முழுக் கண்ணும் பீட்ரூட்.

அந்த நேரம் பார்த்துத் தட்டு மாற்றக் கூப்பிட்டார்கள். எதிரே சம்பந்தியம்மாள் வெற்றிலைத் தட்டோடு நிற்கிறார். வீடியோக்காரர் தன் பெரிய விளக்கைத் தூக்கி நேராக என் மூஞ்சியில் அடித்தார். முப்பத்தைந்து வருஷப் பழக்கம், வெளிச்சம் பட்டால் வலது கண் மூடும். மூடியது. கண்ணில் தண்ணீர் வந்தால் சிரிக்கிற மாதிரி வாய் ஒரு பக்கம் இழுக்கும். இழுத்தது. "சார், தட்டை இன்னொருவாட்டி குடுங்க, ஃபோகஸ் போச்சு" என்றார் வீடியோக்காரர். மறுபடியும் விளக்கு, மறுபடியும் கண். மூன்றாவது தடவை சம்பந்தியம்மாள், "அய்யய்யோ!" என்று தட்டைக் கீழே போட்டார். தேங்காய் உருண்டு பந்தல்கால் வரைக்கும் போயிற்று.

அப்போது நீங்கள் எழுந்து என் பக்கத்தில் வந்தீர்கள். என் கண்ணுக்குள் உற்றுப் பார்த்து, "கத்தி வெச்சாங்களா?" என்று மெதுவாகக் கேட்டீர்கள். நல்லவேளை, நியாயம் கேட்கிறாரே என்று நான் ஊசியிலிருந்து ஆரம்பித்து, கிளிப்பு, சுரண்டல், ரத்தப் பசை எல்லாவற்றையும் எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். சொல்லச் சொல்ல உங்கள் முகம் வெளுத்தது. உங்கள் கண் ரெண்டும் சிவந்திருந்தன. ஒரு மனுஷனுக்கு இவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை. தண்ணீர் கூடக் குடிக்காமல் வேனில் போய் உட்கார்ந்துவிட்டீர்கள்.

போதாக்குறைக்கு அந்த வீடியோக்காரர் நிச்சயதார்த்த டீசர் என்று ஒன்றைத் தயார் செய்து எல்லாருக்கும் அனுப்பிவிட்டார். நான் கண்ணடிக்கிற இடத்தை மட்டும் மெதுவாக ஓடவிட்டு, சுற்றிச் சிவப்பு இதயங்களைப் பறக்கவிட்டிருக்கிறார். கேட்டால், "மாப்பிள்ளைக்குப் போட வேண்டியது சார், ஆள் மாறிடுச்சு" என்கிறார். அதைப் பார்த்ததிலிருந்து செல்லம்மாள் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டுதான் என்னோடு பேசுகிறாள். பார்த்ததும் முதலில் கேட்டது, "முப்பது வருசத்துல என்னைப் பாத்து ஒருவாட்டி கண்ணடிச்சிருக்கியாய்யா நீ?" என்றுதான். ஆனால் ஒரு நல்லது, அன்றைக்குக் கோபத்தில் குழம்பில் உப்பு போட்டுவிட்டாள்.

வினோதினி எப்போதும்போல காலேஜுக்கு வேலைக்குப் போகிறாள், வருகிறாள். நேற்று எனக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே, "எனக்காகத்தான கண்ணுல கத்தி வெச்சுக்கின, வுடுப்பா" என்றாள். அப்போது மூடிய கண்ணை நான் அரை மணி நேரம் திறக்கவில்லை. சம்பந்தி, என்மேல் என்ன கோபம் இருந்தாலும் என்னை வைத்துக்கொள்ளுங்கள். அவள் உங்கள் மகன்மேல் உயிரையே வைத்திருக்கிறாள். நான் கல்யாணத்தில் வேண்டுமானால் மண்டபத்துக்கு வெளியிலேயே நிற்கிறேன். வினோதினி கழுத்தில் தாலி ஏறினால் போதும்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கத்தைத் தலை குனிந்தபடி சொல்லவும். பக்கிரி அவர்களுக்கும் சொல்லவும், நிமிர்ந்தபடி சொன்னால் போதும். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம். தங்கள் குடும்பம் ஆல்போல் தழைத்து, மணிலாக் கடலையும் நெல்லும் கொட்டிக் கொழித்து, எங்கள் மேல் மனம் இரங்கட்டும்.

இப்படிக்கு,
இதில் எழுதிய ஒவ்வொரு சொல்லும் சத்தியம் என்று கற்பூரம் அடிக்கத் தயாராக இருக்கும்,
மாயவன்.

பின்குறிப்பு: இதை முதலில் படிக்கவும். அப்படி முதல் பக்கத்தில் எழுத இடமில்லை.

கவரை ஒட்டப் போகும்போது மாப்பிள்ளை மணிவண்ணன் வண்டியில் வந்து இறங்கினார். "மாமா, அப்பா கோவத்துல போகலை, பயத்துல போயிட்டாரு" என்றார். உங்களுக்கு ரெண்டு கண்ணிலும் சதை இருக்கிறதாமே? உங்களைத் தினமும் பார்க்கிற பக்கிரி அவர்களுக்கு என் கண்தான் சிவப்பாகத் தெரிந்ததாக்கும்? வயல் வெயிலும் மணிலாப் புழுதியும் பட்டு வளர்ந்து, வலது கண்ணில் கருவிழிப் பாப்பா மேலேயே ஏறிவிட்டதாமே? வர்ற புதன்கிழமை ஆபரேஷனுக்குத் தேதி வாங்கி வைத்திருந்தீர்களாமே? என் வாயிலிருந்து கேட்டுவிட்டு, "ஆயுசுக்கும் ஆஸ்பத்திரி வாசல் மிதிக்க மாட்டேன்"னு கட்டிலில் படுத்துவிட்டீர்களாம். நான் போன் அடித்தால் இன்னும் மீதியைச் சொல்லுவேன் என்று பயந்துதான் எடுக்கவில்லையாம். சம்பந்தியம்மா ஒருத்தர் விடாமல் டீசரைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்களாம். அவர்களுக்கு ஒரு கும்பிடு. ஆனால் தள்ளிப்போட்டால் அந்தக் கண்ணுக்குப் பார்வையே போய்விடும் என்று டாக்டர் சொன்னதாக மாப்பிள்ளை என் முன்னால் நின்று அழுதார்.

ஆகவே சம்பந்தி, மேலே எழுதியது பூராவும் பொய். ஒரு சொல்லையும் நம்பாதீர்கள். கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால் என் கண் இடம் கொடுக்கவில்லை, மாப்பிள்ளையும் வண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். ஊசி என்று ஒன்று இல்லவே இல்லை. இருந்தது, கொசு கடிக்கிற மாதிரி, அதுவும் சின்னக் கொசு. கிளிப்பு, ரொம்ப இதமா இருக்கும். சுரண்டுற சத்தம், அது பக்கத்து ரூம்ல உண்மையாகவே யாரோ தேங்கா துருவினாங்க. கத்தினது நான் இல்ல, வேற ஒரு மாயவன். அந்த மூணு பேரும் சாப்பிட்டு வரத்தான் எழுந்து போனாங்க, நான் விசாரிச்சுட்டேன். ரெண்டு கண்ணு அவியட்டும்னு சத்தியம் பண்ணினேனே, அதை சாமி கணக்குல எடுத்துக்காதுன்னு நினைக்கறேன், எடுத்துக்கிட்டாலும் பரவாயில்ல.

நான் ஒரு கண்ணுக்குப் பட்டது என் பொண்ணுக்காக. நீங்க உங்களுக்காகப் படுங்க. தையில முகூர்த்தத்தன்னிக்கு வினோதினி எப்படி இருக்கான்னு நீங்க ரெண்டு கண்ணாலயும் பாக்கணும், நான் பக்கத்துல நின்னு பாக்கணும். புதன்கிழமை விடிஞ்சதும் நானே பெருமுக்கல் வந்து உங்களைக் கூட்டிக்கினு போறேன். ஆபரேஷன் ரூம் கதவுக்கு வெளியிலேயே உட்காந்திருப்பேன், எங்கேயும் போக மாட்டேன். சத்தம் போட்டீங்கன்னா யார் தடுத்தாலும் உள்ள வந்து கையைப் புடிச்சுக்குவேன். சத்தம் போடற மாதிரி உள்ள ஒண்ணுமே இல்ல, சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றேன்.